இமையாத் துயில்

பருத்தித்துறைக் கடற்கரையிலே பொழுது சாயும் வேளை தனிச் சிறப்புடையது. மேல்வானத்துச் செம்மை மெல்ல மங்கும். பனைகள் ஒவ்வொன்றாய்க் கருநிழல்களாக மாறும். 1916ஆம் ஆண்டிலே எழுப்பப்பட்ட வெளிச்சவீடு வெண்மை குன்றி வானத்தோடு ஒன்றாகும். வீடுகளில் விளக்கேற்றும் நேரமும் கோயில்களில் மாலைப் பூசை மணி ஒலிக்கும் நேரமும் அதுவே. ஏணையிலே கிடக்கும் குழந்தை உறங்க மறுத்து அழும் நேரமும் அதுவே. அப்பொழுது ஆச்சி ஏணைக் கயிற்றைப் பற்றிக்கொண்டு, கொல்லையிலுள்ள மாடும் கன்றும் கூரையிலுள்ள புறாவும் கோயிலிலுள்ள மயிலும் உறங்கிவிட்டன என்று சொல்லி ஆட்டத் தொடங்குவாள்.

மாடும் புறாவும் உறங்குதல் இயற்கை. கோயில் மயில் உறங்குமோ? முருகனைத் தாங்கும் மயிலும், திருமாலைத் தாங்கும் கருடனும், அவர் படுக்கையாகிய ஆதிசேடனும், யாளியும், அன்னமும், காமதேனுவும் இரவிலே என்ன செய்கின்றன? அவையும் உறங்கிவிட்டால் ஊரைக் காப்பவர் யார்? இவை ஏணையிற் கிடக்கும் பிள்ளை கேட்கக்கூடிய வினாக்கள்போலத் தோன்றும். ஆயினும், ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ்ப் புலவரும் சிற்பிகளும் கோயில் மரபினரும் தாய்மாரும் இவ்வினாக்களுக்கே விடை தேடி வந்துள்ளனர். அவ்விடையின் வரலாறு பருத்தித்துறை மண்ணோடு நெருங்கிய தொடர்புடையது.

பனையிலிருந்தே அவ்வரலாற்றைத் தொடங்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடையாளம் பனை. சங்கப் புலவர் நெய்தல் நிலத்தைப் பாடும்போது, கடலோரத்துப் பனைமரத்திலே அன்றில் என்னும் பறவையை இருத்திப் பாடினர். அதன் தலை சிவந்தது என்றும், அலகு வளைந்தது என்றும், அது துணையைப் பிரிந்து வாழாது என்றும் அப்பாடல்கள் கூறும். பிற்காலத்து உரைமரபு இதனை மேலும் விரித்தது. ஆணும் பெண்ணும் அலகோடு அலகு கோத்தே உறங்கும். உறக்கத்தில் அலகு நெகிழ்ந்தால், பிரிந்த பறவை சில முறை கூவி உயிர்விடும் என்று அது சொல்லிற்று. வளைந்த அலகையும் செந்தலையையும் நோக்கி, அன்றில் என்பது அரிவாள்மூக்கன் இனத்துப் பறவையாகலாம் எனப் பறவையறிஞர் சிலர் கருதுவர். பறவை உண்மையானதாயினும், அதன் துயில் புலவர் படைத்த அற்புதம். உறக்கத்திலும் துணையை உணர்ந்துகொண்டிருத்தல் என்னும் கருத்தை அப்படைப்பு முதன்முதல் நிலைநாட்டிற்று.

சங்கப் புலவர் அறிந்த மற்றோர் அற்புத உயிர் அசுணம். இசையைக் கேட்டு மயங்கும் இயல்புடையது அது. வேட்டைக்காரர் மறைந்திருந்து யாழை மீட்டுவர். அசுணம் இன்புற்று அருகில் வரும். உடனே பறையை அறைவர். அவ்வன்மையான ஒலி தாங்காது அது மாய்ந்துபோகும். நற்றிணையும் கலித்தொகையும் இவ்வுயிரைக் குறிப்பிடுகின்றன. யாழ்வல்ல பாணனொருவன் பரிசிலாகப் பெற்ற நிலமே யாழ்ப்பாணம் ஆயிற்று என்பது ஒல்லாந்தர் காலத்திலே மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை முதலிய நூல்கள் கூறும் மரபு. அம்மரபு வரலாற்றுச் சான்றன்று. எனினும், யாழின் பெயரைத் தாங்கிய நாட்டிலே அசுணத்தின் கதை கூர்ந்து நோக்கத்தக்கது. இனிய இசையால் ஓர் உயிரைத் துயில்போன்ற மயக்கத்தில் ஆழ்த்துதல் எளிது. ஆழ்த்தியபின் அவ்வுயிரைக் காப்பதா, மாய்ப்பதா என்பதே வினா. தாலாட்டும் வேட்டையும் ஒரே யாழிலிருந்து பிறக்கலாம். வேறுபாடு இசையில் இல்லை. இசைப்பவர் உள்ளத்தில் உள்ளது.

துயிலுக்குத் தமிழர் அளித்த மிக உயர்ந்த வடிவம் திருமாலின் கிடந்த கோலம். திருவெஃகாவிலே பாம்பணையிற் பள்ளிகொண்ட திருமாலைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகின்றது. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் திருவரங்கத்துக் கிடந்த கோலத்தை விரித்துரைக்கின்றான். ஏழாம் நூற்றாண்டிலே பல்லவர் காலச் சிற்பிகள் மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் இக்கோலத்தைக் கல்லில் வடித்தனர். அக்குகையின் ஒரு சுவரிலே திருமால் அனந்தன்மேல் அமைதியாகத் துயில்கின்றார். காலருகே மதுவும் கைடபனும் தாக்கச் சித்தமாய் நிற்கின்றனர். எதிர்ச் சுவரிலே சிங்கத்தின்மேல் அமர்ந்த கொற்றவை எருமைத்தலை அசுரனோடு போர் புரிகின்றாள். ஒரு சுவரில் உறக்கம். மறு சுவரில் போர். இரண்டும் ஒரே அறையில் அமைந்துள்ளன. உலகில் பகையே இல்லாதபோதுதான் தெய்வம் துயிலும் என்று அச்சிற்பி கருதவில்லை. பகைவர் காலடியில் நிற்கும்போதும் கலங்காத துயிலையே அவன் காட்டினான்.

இத்துயிலைத் தமிழர் அறிதுயில் என்றனர். அறிந்துகொண்டே துயிலுதல் என்பது அதன் பொருள். வடமொழியாளர் யோகநித்திரை என்றதை ஒரே சொல்லிற் சுருக்கிய அருமையான ஆக்கம் இது. இத்துயிலுக்குக் காலக் கணக்கும் உண்டு. ஆடி மாதத்தை ஒட்டிய வளர்பிறை ஏகாதசியிலே திருமால் பள்ளிகொள்கிறார் என்றும், நான்கு மாதம் கழித்துக் கார்த்திகையை ஒட்டிய வளர்பிறை ஏகாதசியிலே விழித்தெழுகிறார் என்றும் வைணவ மரபு கொள்ளும். இடையிலே ஆவணி, புரட்டாசிக் காலத்து ஏகாதசியொன்றில் அவர் ஒருபுறமிருந்து மறுபுறம் திரும்பிப் படுப்பதாகவும் கூறுவர். ஏணையிலே புரண்டு படுக்கும் பிள்ளையைக் கண்ட கண்ணே இந்நாளையும் வகுத்திருத்தல் வேண்டும்.

கடல்கடந்தும் இத்துயில் சென்றது. கம்போடியாவிலே அங்கோர் நகரத்து மேற்கு மேபோன் என்னும் தீவுக்கோயிலில், பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த, பள்ளிகொண்ட திருமாலின் பெரிய வெண்கலத் திருவுருவத்தின் பகுதி 1936ஆம் ஆண்டிலே மண்ணுள் இருந்து வெளிப்பட்டது. பெரிய நீர்த்தேக்கத்தின் நடுவே அத்திருவுருவம் கிடத்தப்பட்டிருந்தது. அந்நீரே அதற்குப் பாற்கடல். அதே 1936ஆம் ஆண்டிலே பருத்தித்துறையை அடுத்த வல்லிபுரத்திலும் மண் தன்னுள் மறைத்து வைத்த ஒரு பொருளை வெளியிட்டது.

வல்லிபுரம் பருத்தித்துறை நகரின் தென்கிழக்கே, மணற்குன்றுகளுக்கு நடுவே அமைந்தது. அங்கே கிடைத்தது எழுத்துப் பொறித்த ஒரு பொற்சாசனம். பிராமி எழுத்தில் அமைந்த அதனைப் படித்து வெளியிட்டவர் பேராசிரியர் பரணவிதான. கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் அநுராதபுரத்தில் ஆட்சிசெய்த வசபன் காலத்தில், இசிகிரயன் என்னும் அமைச்சன் நாகதீபத்தை ஆண்டபோது, பியகுகதிஸ்ஸன் என்பவன் ஒரு விகாரை எழுப்பினான் என்பது அவர் கொண்ட வாசகம். அதன் மொழி பற்றியும் சில சொற்களின் பொருள் பற்றியும் அறிஞரிடையே வாதங்கள் எழுந்துள்ளன. குடாநாட்டின் பழைய பெயர் நாகதீபம் என்பதற்கு அச்சாசனம் வலுவான சான்று என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. வல்லிபுரத்திலே கண்டெடுக்கப்பட்ட புத்தர் சிலையொன்றை ஆளுநர் ஹென்றி பிளேக் 1906ஆம் ஆண்டிலே சீயம் நாட்டு மன்னருக்கு அளித்தார். விகாரை இருந்த மணலிலேயே இன்று வல்லிபுர ஆழ்வார் கோயில் கொண்டிருக்கிறார். ஒரு சமயம் துயில, மற்றொரு சமயம் விழிக்க, மணல் இரண்டையும் தாங்கி வந்துள்ளது.

வல்லிபுரத்துக் கோயிலின் மூலத்தானத்திலே வழிபடப்படுவது திருமாலின் சக்கரம். அது அங்கு வந்த வகைக்கு ஊரார் ஒரு கதை சொல்வர். லவல்லி என்னும் பெண் மகப்பேறு இன்றி வருந்தித் தவம் கிடந்தாள். கடலிலே வலைஞர் கைக்கு அகப்படாது துள்ளித் திரிந்த அதிசய மீனொன்று ஒருநாள் கரைக்குப் பாய்ந்து அவள் மடியில் விழுந்தது. விழுந்த மீன் தெய்வ வடிவு கொண்டது, சக்கரமாக வெளிப்பட்டது, அதனை எழுந்தருளச் செய்து வல்லிபுரத்திலே கோயில் எடுத்தனர். சொல்வார் சொல்லுக்கேற்பக் கதை சிறிது சிறிது மாறும். வரலாற்றாசிரியன் இதனை நடந்த நிகழ்ச்சியாக ஏற்பதில்லை. ஆயினும், பயனற்றதெனத் தள்ளுவதும் இல்லை. கடலை நம்பி வாழ்ந்த மக்கள் தெய்வத்தை எங்கே கண்டனர் என்பதற்கு அது சான்று. ஆழ்கடலின் அற்புத உயிர் இளைப்பாற வந்த இடம் அரசனின் அரியணையன்று. பிள்ளைக்கு ஏங்கிய ஒரு தாயின் மடி.

அம்மீன் பற்றி மேலும் ஒன்று சிந்திக்கத்தக்கது. பெரும்பாலான மீன்களுக்குக் கண்ணிமை இல்லை. ஆகவே அவை கண் திறந்தபடியே உறங்கும். பாம்புக்கும் அவ்வாறே, திறந்து மூடும் இமைக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் மெல்லிய செதிலொன்று அதன் கண்ணை மூடிநிற்கும். பாம்பு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்பதைக் கண்ணைப் பார்த்து அறிதல் இயலாது. தமிழர் தேவரை இமையவர் என்றனர்; இமையாத கண்ணுடையார் என்று அதற்குப் பொருள் கூறுவர். வல்லிபுரத்து மரபிலே மீன். திருமாலின் படுக்கையிலே பாம்பு. துயிலோடு சேர்த்துப் பேசப்பட்ட அற்புத உயிர்கள் இரண்டும் இமையாதவையாக அமைந்தன. கடலிலும் வயலிலும் உயிர்களை நாள்தோறும் உற்றுநோக்கிய மக்களின் அறிவு இதிலே கலந்திருத்தல் கூடும்.

புரட்டாசி மாதத்திலே வல்லிபுர ஆழ்வார் கோயிற் பெருந்திருவிழா நடைபெறும். பூரணையை ஒட்டிக் கடலிலே தீர்த்தமாடுதல் அதன் சிகரம். வடமராட்சியின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரண்டு, மணல் கடந்து கடலை அடைவர். வைணவக் கணக்கின்படி இது திருமால் துயிலும் நான்கு மாதத்தின் நடுப்பகுதி. துயில்கின்ற தெய்வம் எவ்வாறு ஊர்வலம் வந்து கடலாடும் என்று ஒரு மாணவன் கேட்கலாம். கேட்பது நியாயமே. அறிதுயில் என்ற சொல்லிலேயே விடை உள்ளது. அது ஊரை மறந்த துயிலன்று.

திருவிழாக் காலத்து இரவுகளிலே வாகனங்கள் பவனி வரும். திருமால் கோயில்களிலே கருடன், சேடன், அனுமன், அன்னம், யானை, குதிரை ஆகியன, சிவன் கோயில்களிலே இடபம், பூதம், காமதேனு, கயிலையைத் தூக்கும் இராவணன் ஆகியன, முருகன் கோயில்களிலே மயிலும் ஆட்டுக்கடாவும், பிள்ளையாருக்குப் பெருச்சாளி. இவற்றுட் சில இயற்கை உயிர்கள். வேறு சில எந்தக் காட்டிலும் காணப்படாதவை. காமதேனுவுக்குப் பெண்முகம், பசுவுடல், பறவைச்சிறகு, மயிற்றோகை. யாளிக்குச் சிங்கவுடலோடு துதிக்கையும் உண்டு. தச்சர் இவற்றை மரத்திலே செதுக்குவர், வண்ணம் தீட்டுவர். வேலை நிறைவெய்தியபின் கண் திறக்கும் சடங்கு நிகழும். திறந்த கண்ணோடு அவை தெய்வத்தைத் தாங்கத் தகுதி பெறும்.

பவனி முடிந்து தெய்வம் உள்ளே எழுந்தருளியபின் நிகழ்வதைப் பெரியவர் பலர் கவனிப்பதில்லை, சிறுவர் கவனிப்பர். மாலைகள் களையப்படும். பட்டு மடித்து வைக்கப்படும். சற்றுமுன் தீவட்டி வெளிச்சத்திலே உயிரோடு பாய்ந்ததுபோன்ற குதிரை இருளிலே மரமாய் நிற்கும். பின்பு அதனைத் தூக்கிச் சென்று வாகனசாலையிலே நிறுத்துவர். அங்கே மயிலருகே யாளி, யாளியருகே அன்னம், அன்னத்தருகே பூதம் எனப் பகையும் உறவும் பாராது யாவும் வரிசையாய் இளைப்பாறும். கதவு சாத்தப்படும். பல வாகனங்கள் மறு ஆண்டுத் திருவிழாவரை அவ்வாறே நிற்கும். ஆனால் கண் திறக்கப்பட்ட வாகனத்துக்குக் கண் மூடும் சடங்கு வழக்கில் இல்லை. இருட்டறையிலும் அவற்றின் கண்கள் திறந்தே இருக்கும். அவை உறங்குகின்றன என்று ஆச்சி சொன்னதும் உண்மை; விழித்திருக்கின்றன என்று பிள்ளை நினைப்பதும் உண்மை.

நாள்தோறும் தெய்வத்தைத் துயிற்றும் வழக்கமும் கோயில்களுக்கு உண்டு. அர்த்தசாமப் பூசையின் முடிவிலே இறைவன் திருவடியைச் சிவிகையில் ஏற்றிப் பள்ளியறைக்கு எடுத்துச் செல்வர், பால் நிவேதிப்பர், மாணிக்கவாசகரின் திருப்பொன்னூசலைப் பாடுவர். அதிகாலையிலே திருப்பள்ளியெழுச்சி பாடித் துயில் எழுப்புவர். ஊசற் பாட்டிலே யாழ்ப்பாணத்தார் தனி ஈடுபாடு காட்டினர். சிற்றூர்க் கோயில்களுக்கும் உரிய திருவூஞ்சற் பாடல்களைக் குடாநாட்டுப் புலவர் இயற்றினர். அவற்றிலே வேதங்கள் ஊஞ்சற் கயிறாகும், மணிகள் தூணாகும், உலகனைத்தும் ஆட்டும் இறைவன் ஒரு பலகையிலிருந்து ஆட்டப்படுவான். பெரிய பொருளை ஏணையளவுக்குச் சிறிதாக்கி அன்போடு ஆட்டும் மனப்பாங்கு அது.

ஆயின், பள்ளியறைக் கதவு சாத்தியபின் கோயிலைக் காப்பது யார்? சைவமரபு இதற்கும் ஒழுங்கு செய்தது. கோயிலின் திறப்பை வைரவர் திருமுன் வைத்துச் செல்வது பழைய வழக்கம். அவருடைய ஊர்தி நாய். எல்லா வாகனங்களும் ஓய்ந்த இரவிலே நாய்க்கு மட்டும் ஓய்வில்லை. உயர்ந்தவை எனப் போற்றப்பட்ட கருடனும் இடபமும் இளைப்பாற, எளியது எனத் தள்ளப்படும் நாயை நம்பி ஊர் உறங்கிற்று.

கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தாலும் இதே ஒழுங்கு காணப்படும். தால் என்பது நாக்கு. நாவை அசைத்துப் பாடுதல் தாலாட்டு. ஒன்பதாம் நூற்றாண்டளவில் பெரியாழ்வார் தம்மை யசோதையாகக் கொண்டு கண்ணனைத் தாலாட்டினார். பிரமன் தொட்டில் அனுப்பியதாகவும் மற்றைத் தேவர் ஒவ்வோர் அணியாக அனுப்பியதாகவும் அத்தாலாட்டு அமைந்தது. குலசேகராழ்வார் இராமனுக்குத் தாலாட்டுப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் தால் ஒன்று. தெய்வமும் மன்னனும் தமிழ்ப் புலவர்முன் உறங்கவேண்டிய பிள்ளைகளாயினர்.

தாய்மார் வாய்மொழியிலே இப்பாட்டு ஏட்டுக்கு அப்பால் வாழ்ந்தது. மாமன் சிறப்பும் மூத்தோர் பெருமையும் கோயில் தெய்வத்தின் காவலும் அதிலே கலந்தன. இலங்கைத் தமிழர் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்த வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் போன்றோர் அவற்றின் ஒரு பகுதியை அழியாது காத்தனர்.

எனினும் இரவின் அற்புத உயிர்கள் யாவும் அன்புடையவையல்ல. உறங்காத பிள்ளையை உம்மாண்டி பிடிக்கும் என்றும் பூச்சாண்டி வருவான் என்றும் அச்சுறுத்தும் வழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்தது. கொத்தி என்னும் பேயைப் பிள்ளைப்பேற்றோடு சேர்த்துப் பேசினர். பிள்ளைப்பேற்றிலே தாயும் சேயும் மடிதல் மலிந்திருந்த காலத்திலே, அத்துயருக்கு ஒரு பெயர் கொடுத்து அதனை ஓட்ட முயன்றனர். அறியாமை என்று அதனை எளிதில் இகழலாகாது. மருத்துவம் எட்டாத இடத்திலே அச்சமே பெயராக நின்றது.

உலகின் பிற மக்களிடத்தும் இவ்விரு வழிகளும் காணப்படும். பிரித்தானிய நூதனசாலையிலே ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழமையுடைய பாபிலோனியக் களிமண் ஓடு ஒன்று உண்டு. அழும் குழந்தையை உறங்கச் செய்யும் மந்திரப்பாட்டு அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. குழந்தையின் அழுகையால் வீட்டுத் தெய்வம் துயில் கலைந்தது என்றும், பாதி மனிதனும் பாதி எருதுமாகிய காவற்பூதம் விழித்துக்கொண்டது என்றும் அது முறையிடுகின்றது. அங்கே அற்புத உயிர் உறங்கவேண்டும். ஆகவே பிள்ளை அழலாகாது. எகிப்தியரோ துயிலும்போது தலையைத் தாங்கும் பீடத்திலே பெஸ் என்னும் குறுவடிவத் தெய்வத்தைச் செதுக்கிக் காவலுக்கு வைத்தனர். யப்பானியர் யானைத் துதிக்கையும் புலிப்பாதமும் கொண்ட பகு என்னும் விலங்கு தீய கனவுகளைத் தின்றுவிடும் என நம்பி அதன் படத்தைப் படுக்கையருகே வைத்தனர். யாளியைக் கண்ட தமிழ்ப் பிள்ளைக்கு அவ்விலங்கு அயலானதாகத் தோன்றாது.

இலங்கையைக் களமாகக் கொண்ட இராம காதையிலே துயில் சாபமாகவும் வருகின்றது. கும்பகருணன் வரம் கேட்டபோது கலைமகள் அவன் நாவிலே புகுந்து சொல்லை மாற்றினாள். ஓங்கிய ஆற்றலுக்குப் பதிலாக நெடுந்துயில் வாய்த்தது. பகைவர் மதில்வரை வந்தபின் முரசம் அறைந்தும் சங்கு ஊதியும் அவனை எழுப்பினர். எழுந்தவன் அண்ணனுக்கு அறமுரைத்தான்; அது கேட்கப்படவில்லை; போருக்குச் சென்று மாண்டான். அறிவுடையவன் உறங்கிய காலத்திலே தவறு நிகழ்ந்தது. விழித்தபின் அதனைத் திருத்தக் காலம் போதவில்லை. கம்பர் இப்பகுதியைப் பாடிய பாங்கு கற்பவர் கண்ணைக் கலங்கச் செய்யும். திருமாலின் துயில் அறிதுயில். கும்பகருணன் துயில் அறியாத் துயில்.

இவ்வேறுபாடு பழங்கதையோடு முடிந்ததன்று. 1987ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது, மக்கள் வீடுகளை விட்டுக் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தஞ்சம் புகுந்தனர். அதன் பின்னரும் போர் பல ஆண்டுகள் நீடித்தது. ஏணை கட்டும் வளை இருந்த வீடு பலருக்கு இல்லாமற் போயிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், பூரணை தினமாகிய ஞாயிற்றுக்கிழமை காலையிலே, கடல் கரையேறிற்று. இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வடமராட்சிக் கரையோரமும் தன் மக்களை இழந்தது. மீன் தாயின் மடியில் வந்து விழுந்ததாகச் சொன்ன அதே கடல், தாயின் மடியிலிருந்து பிள்ளைகளைப் பறித்தது.

அன்றிரவு உயிர் தப்பிய பிள்ளைகளை எந்தக் கதை சொல்லி உறக்குவது? கடல் உறங்கிவிட்டது என்று சொன்னால் பிள்ளை நம்பாது. அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை என்று சொன்னால் அது பொய். இங்கேதான் பழைய மரபின் உண்மை வலிமை வெளிப்படுகின்றது. அம்மரபு உலகிலே இடர் இல்லை என்று ஒருபோதும் சொன்னதில்லை. மாமல்லபுரத்துச் சிற்பி பகைவரை மறைக்கவில்லை. அன்றிலைப் பாடியோர் பிரிவை மறைக்கவில்லை. கோயிலார் திறப்பை வாசலிலே எறிந்துவிட்டுச் செல்லவில்லை. யாவும் உறங்கும்போது ஒருவர் விழித்திருக்கிறார் என்பதையே அவர்கள் சொன்னார்கள். பிள்ளைக்கு வேண்டிய உறுதி அதுவே.

அறிவியலும் இதற்கு ஒரு வகையில் இணங்குகின்றது. ஓங்கில் என்னும் கடல்வாழ் உயிர் மூளையின் ஒரு பாதியை உறங்கவிட்டு மறு பாதியால் விழித்திருக்கும் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். கூட்டமாக உறங்கும் வாத்துகளுள் ஓரத்திலே இருப்பவை வெளிப்புறக் கண்ணைத் திறந்துவைத்தே உறங்கும். நடுவில் இருப்பவை இரு கண்ணையும் மூடி உறங்கும். ஓரத்தவை ஒரு கண்ணின் உறக்கத்தை இழப்பதனாலே நடுவிலுள்ளவை முழு உறக்கம் பெறுகின்றன. அன்றிலின் துயிலைப் பாடிய புலவர் இதனை ஆய்வுகூடத்திலே கண்டவரல்லர். ஆயினும் அவர் உணர்ந்தது வீணான கற்பனையன்று.

ஆகவே, வாகனங்கள் உறங்கும் கதையை அடுத்த தலைமுறைக்குச் சொல்லுதல் பழமைமீது கொண்ட ஆசை மட்டுமன்று. உம்மாண்டியின் பெயரால் உறக்கிய பிள்ளை அச்சத்தால் கண்ணை மூடும். காவலின் பெயரால் உறக்கிய பிள்ளை நம்பிக்கையால் கண்ணை மூடும். இரண்டும் உறக்கமே. எனினும் விழித்தெழும் பிள்ளைகள் இருவரும் ஒருவரல்லர். ஓரத்திலே விழித்திருக்கும் கடமையையும் அவர்களுள் ஒருவரே பின்னர் உவந்து ஏற்பர். ஊரைக் காப்பதற்கு அற்புத உயிர்கள் வரும் என்று காத்திருந்த ஊரை எவரும் காத்ததில்லை. மீனும் பாம்பும் கருடனும் வைரவரின் நாயும் விழித்திருக்கும் மனிதருக்குப் புலவர் இட்ட பெயர்கள் என்று கொள்ளுதலே தகும்.

இரவு முதிர்கிறது. வல்லிபுரத்து மணலிலே காற்று வரிவரியாக எழுதிய கோடுகளை மறுபடி காற்றே அழிக்கிறது. வாகனசாலையிலே மயிலும் யாளியும் இருளை நோக்கியபடி நிற்கின்றன. ஏணையிலே பிள்ளையின் மூச்சு சீராகிவிட்டது. பாட்டு நின்றுவிட்டது. ஆச்சியின் கண்களும் மூடியுள்ளன. ஆனால், ஏணைக் கயிற்றைப் பற்றிய கை மட்டும் இன்னும் பிடி தளரவில்லை. பிள்ளை ஒருமுறை சிணுங்கினால் அக்கை தானாகவே ஆட்டும்.